கயிற்றில் இறங்கிய காய்கறி

மேல்வீட்டுக்காரர் என்று சொன்னால் அந்த இரும்புக் கிடங்கில் தெரியாத ஆள் கிடையாது. சொந்தமாக ஒரு மேல்வீடு என்ன, கீழ்வீடுகூட அவருக்குக் கிடையாது. கிடங்கின் கூரைக்குக் கீழே, இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடும் கிரேனில், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூண்டு ஒன்று தொங்கும். அதற்குள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவர் என்பதால் வந்த பெயர் அது. காலையில் ஐம்பத்து நான்கு படி இரும்பு ஏணி ஏறினால், அவசரத்துக்கு ஒரு தடவை தவிர, சாயங்காலம்தான் கால் தரையில் படும். எட்டு டன், பத்து டன் எடையுள்ள தகட்டுச் சுருள்கள் அவர் கை அசைவுக்கு எழும்பி, நகர்ந்து, லாரியில் போய்ப் பூப்போல உட்காரும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குணத்திலும் இல்லை.

எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம் இருக்கும் என்றால், இவர் மூக்கு முழுவதையும் அதற்கே எழுதிக் கொடுத்திருந்தார். கூண்டிலிருந்து வாயால் திட்டினால் கீழே கேட்காது. அதனால் ஹாரனால் திட்டக் கற்றுக்கொண்டார். சூப்பர்வைசருக்கு ஒரு மாதிரி, லாரி டிரைவர்களுக்கு ஒரு மாதிரி. எந்த ஹாரன் யாருக்கு என்று கீழே உள்ளவர்களுக்குத் தெரியும், யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் இன்னொன்று விழும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு எதிரிதான் இருந்தான் என்பது ஆச்சரியம். கிரேன்காரருக்குக் கீழே ஒரு கண் வேண்டும். சைகைக்காரன் தரையில் நின்று, விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு, கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. மேல்வீட்டுக்காரருக்கு வாய்த்த சைகைக்காரனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை, பேசியும் அதிகம் கேட்டதில்லை. பதினோரு வருடமாகத் தரையில் நிற்பவன், கிரேன் ஓட்டும் உரிமமும் கையில் வைத்திருப்பவன், கூண்டில் ஒரு இடம் காலியாகும் என்று காத்திருப்பவன். மரியாதைக்கு 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இது மேல்வீட்டுக்காரரின் கதை, அவர் மனசில் அந்த ஆள் என்றைக்கும் 'அவன்'தான். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சுருள் ஆடிப்போய் லாரியின் முன்கதவை நசுக்கிவிட்டது. நிறுத்தச் சொல்லி இவன் கை காட்டத் தாமதித்தான் என்று மேல்வீட்டுக்காரர் விசாரணையில் சொன்னார். நான் காட்டினேன், அவர்தான் பார்க்கவில்லை என்று அவன் சொன்னான். ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அன்றோடு பேச்சு அறுந்தது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் நம்பித்தான் வேலை செய்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. சைகை மட்டும்தான்.

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம், வம்பே அங்கேதான். காய்கறி என்பது ஆட்டுக்கு, அடுத்து நோயாளிக்கு, அதற்கடுத்து வேறு வழியில்லாதவனுக்கு என்பது மேல்வீட்டுக்காரரின் கட்சி. ஐம்பத்து மூன்று வயது வரை அந்தக் கட்சியிலிருந்து அவர் மாறவில்லை. காலையில் வாசலுக்கு எதிரே உள்ள கடையில் பொரித்த கோழி மூன்று துண்டு, ஒரு பொட்டலம் சிப்ஸ், இரண்டு கரண்டி ஊறுகாய். பன்னிரண்டரைக்குக் கூண்டிலேயே உட்கார்ந்து, கீழே எல்லோரும் எறும்பாகத் திரிவதைப் பார்த்துக்கொண்டே தின்பார். அந்த நேரத்தில் அவரைவிட உயரத்தில் யாரும் இல்லை. மனைவி தைத்துக் கொடுத்த பஞ்சு மெத்தையில் சாய்ந்துகொண்டு எலும்பைக் கடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும் என்று, ஒருநாள் விளக்கு மாற்ற மேலே ஏறிய எலக்ட்ரீஷியன் வந்து சொன்னார். யாரும் நம்பவில்லை.

வேறு ஏதோ ஒரு கிடங்கில், கூண்டுக்குள் ஒருவர் மயங்கிச் சாய்ந்து, கொக்கியில் பாரம் அரைமணி நேரம் அந்தரத்தில் தொங்கியதாம். அங்கே சாய்ந்தார், இங்கே சட்டம் வந்தது. மேலே ஏறுகிறவனின் ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் கீழே இருக்க வேண்டும். கிடங்கின் மருத்துவ அறையில் சிஸ்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மேல்வீட்டுக்காரருக்கு நூற்று அறுபத்தாறு, நூற்றிரண்டு. உம்மணாமூஞ்சிக்கு நூற்று அறுபத்து நாலு, நூறு. நாலு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு எழுதினார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு தாள் ஒட்டியது. இரண்டு பேரும் தேறினால் பழையபடி, ஒருத்தர் மட்டும் தேறினால் கூண்டு அவருக்கு, இரண்டு பேரும் தேறாவிட்டால் வெளியாள். மேல்வீட்டுக்காரர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். தரையில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் அந்தப் பயலைப் பார்த்துக் கைகாட்டுகிற காட்சி கண்முன் வந்தது. அவருக்கு அங்கேயே அழுத்தம் பத்துப் புள்ளி ஏறியிருக்கும்.

சிஸ்டர் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னதால் மனைவியும் வந்தாள். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியைத் தட்டுதான் செய்ய வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். காயில் உள்ள பொட்டாசியம் உப்பை வெளியே தள்ளும், ரத்தக்குழாய் இறுக்கம் தளரும், நார்ச்சத்து வயிற்றை நிரப்பும், கண்டதைத் தின்னத் தோன்றாது என்று விளக்கினார். சிப்ஸும் உருளைக்கிழங்குதானே, அதுவும் காய்தானே என்று மேல்வீட்டுக்காரர் கேட்டார். சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். மனைவியைத்தான் பார்த்தார். மனைவியும் அவரைப் பார்த்தாள். பெண்கள் இருவரும் அந்த ஒரு பார்வையிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டதாக மேல்வீட்டுக்காரருக்குத் தோன்றியது.

மனைவி சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்கப் பெரிய கத்தரி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மடங்காமல் போய்விட்டது. அந்த விரலை வைத்துக்கொண்டு மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்து காரட் வெட்டினாள். கத்தி நேராக இறங்காது, எல்லாத் துண்டும் சாய்வாகத்தான் விழும். மூன்று அடுக்கு கேரியரில் ஒரு அடுக்கு சோறு, இரண்டு அடுக்கு காய். அவர் திறந்து பார்த்துவிட்டு, இதை எந்த மாட்டுக்குக் கொண்டு போகணும் என்று கேட்டார்.

"வீட்டுல இருக்குற மாட்டுக்குத்தான்" என்றாள். "உங்க அண்ணனுக்கு அக்கா ஸ்பூனால ஊட்டுறாங்க. வாய் ஓரமா வழியறதைத் துடைச்சுத் துடைச்சு ஊட்டுறாங்க. எனக்கு அதெல்லாம் ஆகாது, இப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் கதையை எடுத்தால் மேல்வீட்டுக்காரருக்கு ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு வலது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பயம் என்று ஒப்புக்கொள்வாரா, மாட்டார். கேரியரைப் பிடுங்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் கேரியரை மனைவி சோதிப்பாள். மிச்சம் இருந்தால் அன்று ராத்திரி வீட்டில் சமையல் கிடையாது என்பது சட்டம். முதல் நாள் காரட்டோடு பீட்ரூட். கூண்டிலிருந்து கீழே உள்ள கழிவுத் தொட்டியைக் குறிபார்த்து ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார். பத்தொன்பது வருடமாகப் பத்து டன்னைக் குறி தவறாமல் இறக்கியவருக்குக் கால் கிலோ பீட்ரூட் குறி தவறிவிட்டது. வெள்ளைப் பூச்சுப் பூசிய புதுச் சுருள் ஒன்றின் மேல் சொத்தென்று விழுந்து சிவப்பாக வழிந்தது. ரத்தம் என்று நினைத்து ஆறு பேர் ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் விரலால் தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்தார். அன்றைக்கு மேல்வீட்டுக்காரருக்குக் கிடைத்த வசவு, அவர் பத்தொன்பது வருடமாக ஹாரனில் கொடுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டியோடு திரும்பி வந்தது.

ஆக, கீழே கொட்ட முடியாது. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. தின்ன முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். இரண்டாம் நாள் மத்தியானம் கோழித் துண்டை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். கீழே உம்மணாமூஞ்சி வழக்கம்போலத் தூண் அடியில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி இறந்து ஆறு வருடம், சமைத்துப் போட ஆள் இல்லை, அவனுக்கும் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. தினமும் அதே பன், அதே தேநீர். பார்த்துக்கொண்டே இருந்த மேல்வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட புத்தி தோன்றியது.

தண்ணீர் பாட்டில் ஏற்றுவதற்காகக் கூண்டில் ஒரு மஞ்சள் கயிறும் கான்வாஸ் பையும் இருந்தன. காய் அடுக்கு இரண்டையும் பையில் வைத்துக் கயிற்றை விட்டார். பை அவன் மூக்குக்கு நேரே போய் நின்றது. மாட்டுக்குத் தீவனம் போடுகிறேன், தின்னுடா என்பது அதன் அர்த்தம். சொல்லால் சொல்ல வழியில்லை, பேச்சு இல்லையே. ஆனால் அவமானம் என்பது அவனுக்குப் புரியும், தூக்கி எறிவான், அப்படி எறிந்தால் குற்றம் அவன் தலையில் என்று கணக்குப் போட்டார்.

அவன் எறியவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தான். ஒரு தடவை மேலே பார்த்தான். பன்னை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு அடுக்கையும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தான். குழாயடிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பையில் வைத்து, விரலை மேலே காட்டிச் சுற்றினான். தூக்கு.

மேல்வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. மானம் ரோஷம் இல்லாத பயல், எதிரி போட்டதை நக்கித் தின்கிறான் என்று சிரித்துக்கொண்டார். மறுநாளும் இறக்கினார். அதற்கடுத்த நாளும். மூன்று மாதமும் இதே கதைதான். பீன்ஸ் போனது, முட்டைக்கோஸ் போனது, கீரை, பூசணி, வெண்டைக்காய், பச்சை வெள்ளரி, தக்காளி எல்லாம் போயின. கோழியும் சிப்ஸும் ஊறுகாயும் கூண்டிலேயே தங்கின. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கினார், மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

வீட்டில் மனைவி குளிர்ந்துபோனாள். கேரியர் பளபளவென்று வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனிதர் இப்போது பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்துக் கொண்டுவருகிறார் என்று பட்டறை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். சிஸ்டர் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, ஒரே காயை வாரத்தில் இரண்டு தடவை வைக்காமல் மாற்றி மாற்றிச் செய்தாள். உப்பு குறைந்தது தெரியாமல் இருக்க மிளகைப் பொடித்துப் போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள். சந்தையில் பை நிறையக் காயோடு அவள் நடந்துவருவதைப் பார்க்கும்போது மேல்வீட்டுக்காரருக்கு எங்கோ ஓர் ஓரத்தில் சுருக்கென்று குத்தும். ராத்திரிக் காயை மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் தின்று அந்தக் குத்தலுக்கு மருந்து போடுவார். மிச்சத்தைத் தட்டிலேயே ஒதுக்குவார். மத்தியானமே நிறையச் சாப்பிட்டிருப்பார் பாவம் என்று அவள் விட்டுவிடுவாள்.

மேலே இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் தெரியும். உம்மணாமூஞ்சியின் இடுப்புப் பட்டை ஒரு துளை உள்ளே போனது தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. காலையில் ஊதிக்கிடக்கும் முகம் வற்றியது. முன்பெல்லாம் சுருளைச் சுற்றி வரவே மூச்சு வாங்குகிறவன், இப்போது ஓட்டமும் நடையுமாகத் திரிந்தான். ஆள் இளைத்துப் போகிறான், ஏதோ பெரிய நோயாகத்தான் இருக்கும் என்று மேல்வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அவருக்கோ ஏணியில் முப்பதாவது படியிலேயே நின்று மூச்சு விட வேண்டியிருந்தது. அது முழங்கால் கோளாறு என்று வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்த வியாழக்கிழமை மருத்துவ அறையில் மறுபடி எல்லோரும். மனைவி பட்டறையில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப்போகிற பிள்ளையின் தாய் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், விட்டார். மறுபடி அடித்தார். இன்னொரு கையில் சுற்றிப் பார்த்தார். நூற்று எழுபது, நூற்று நாலு. மனைவி முகத்தில் ஈயாடவில்லை. மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று மேல்வீட்டுக்காரர் சொன்னார். சிஸ்டர் அதே மெஷினை உம்மணாமூஞ்சியின் கையில் சுற்றினார். நூற்று முப்பத்து நாலு, எண்பத்து நாலு.

சிஸ்டருக்கே வியப்பு. ஒரே மாத்திரை, ஒரே வேலை, ஒரே தூசி, நீங்கள் மட்டும் அப்படி என்னதான் சாப்பிட்டீர்கள் என்று அவனைக் கேட்டார்.

உம்மணாமூஞ்சி தொண்டையைச் செருமினான். நாலு வருடத்தில் அவன் குரலை மேல்வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் கேட்டார். "மத்தியானத்துக்குக் காய் சிஸ்டர். தினமும் ரெண்டு கிண்ணம். திங்கக்கிழமை பீன்ஸ், செவ்வாய் கோஸ், புதன் கீரை. பூசணியில மிளகு தட்டிப் போட்டிருக்கும். உப்பு கம்மி, எலுமிச்சை பிழிஞ்சிருக்கும். காரட் எல்லாம் சாய்வா வெட்டியிருக்கும்."

பெஞ்சில் இருந்தவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று சிஸ்டர் கேட்டார். "வீட்டுல யாரும் இல்ல. மேல இருந்து வரும். கயித்துல" என்றான் அவன். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். வேண்டுமென்றே போட்டுக்கொடுத்தானா, இல்லை கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொன்னானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றேதான் என்று மேல்வீட்டுக்காரர் சத்தியம் செய்வார்.

பேருந்து நிறுத்தம் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலரை மணிக்கு எந்திரிச்சு, இந்த விரலை வெச்சுக்கிட்டு, மூணு மாசமா நான் யாருக்கு சமைச்சுப் போட்டேன்?"

மேல்வீட்டுக்காரருக்குச் சமாளிக்கத் தெரியாது, எகிறத்தான் தெரியும். "வீணாவா போச்சு. ஒருத்தன் தின்னான்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கவே கூடாது. அவள் அவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள். வந்த பேருந்தில் ஏறினாள். அவர் ஏறக் காலை வைத்தபோது, இடம் இல்லை என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள். பேருந்து முக்கால்வாசி காலியாகத்தான் போனது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வீடு சுடுகாடு மாதிரி இருந்தது. அவள் தனக்குச் சமைத்தாள், தான் சாப்பிட்டாள், படுத்தாள். இவர் கோழி வாங்கி வந்து தனியாகத் தின்றார், பாதிக்கு மேல் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னாள். "எனக்குக் கோவம் இல்ல. பயம். நீங்க விழுந்துட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்னு நெனச்சுத்தான் எந்திரிச்சேன். அதைக் கயித்துல கட்டி எறக்கிட்டீங்க." அவர் எழுந்தார். வாசலில் போய் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அடுப்படியில் சத்தம் கேட்டது. கேரியர் தயாராக இருந்தது. அப்பாடா, மலை இறங்கிவிட்டாள் என்று எடுக்கப் போனார்.

"அது உங்களுக்கு இல்ல. அவருக்கு. கொண்டுபோய்க் குடுங்க."

"அந்தப் பயலுக்கா. அவன் எனக்கு எதிரிடி."

"என் சமையலுக்கு எதிரி நீங்கதான். அவரு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

தாளில் போட்டிருந்தபடி அன்றுமுதல் கூண்டு உம்மணாமூஞ்சிக்கு, மேல்வீட்டுக்காரர் முதல்முதலாகத் தரையில் வேலைக்கு நின்றார். பஞ்சு மெத்தையை எடுக்க ஏணி ஏறப் போனவரை, இனி அனுமதி இல்லை என்று சூப்பர்வைசர் தடுத்துவிட்டார். மெத்தை மேலேயே இருந்தது, அதன் மேல் உம்மணாமூஞ்சி இருந்தான். கீழே இரும்புத் தூசி கண்ணில் விழுந்தது. நிமிர்ந்து நிமிர்ந்து கழுத்து கடுத்தது. விரலை மேலே சுற்றினார், தூக்கினான். கையைக் கவிழ்த்தார், நிறுத்தினான். மயிரிழை பிசகவில்லை, அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு மணி வாக்கில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு சுருள் ஆடியது. லாரி தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவர் ஓடிப்போய்ப் பார்த்துக் கையைக் கவிழ்ப்பதற்குள் அரை நொடி போய்விட்டது. மேலே இருந்தவன் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தான். நாலு வருடத்துக்கு முன் அவன் நின்ற இடமும் இதே தூண்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை உடனே துடைத்துப் போட்டார். ஒரே நாளில் எத்தனை விஷயத்தைத்தான் ஒரு மனுஷன் தாங்குவான்.

பன்னிரண்டரை அடித்தது. மஞ்சள் கயிறு இறங்கி வந்து அவர் மூக்குக்கு நேரே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கேரியரைப் பையில் வைத்தார். விரலை மேலே காட்டிச் சுற்றினார். பை ஏறியது. அவருக்குச் சாப்பாடு இல்லை. கோழிக் கடைக்குப் போகலாம்தான், ஆனால் கால் நகரவில்லை. தூண் அடியில் உட்கார்ந்தார். தன் சம்சாரம் சமைத்ததைத் தன் மெத்தையில் சாய்ந்துகொண்டு எவனோ தின்கிறான் என்று நினைத்தபோது அவருக்குப் பசியைவிட வயிற்றெரிச்சல் பெரிதாக இருந்தது. அந்தக் காய்க்காக அவர் ஏங்குவார் என்று மூன்று மாதத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் ஹாரனாலேயே அடித்துத் துரத்தியிருப்பார்.

கால்மணி நேரத்தில் பை திரும்ப இறங்கியது. காலிப் பாத்திரம் என்று நினைத்து அலட்சியமாகக் கையை நீட்டினார், கனமாக இருந்தது. திறந்தார். சோற்றில் நடுவே கரண்டியால் ஒரு கோடு, ஒரு பாதி காலி, ஒரு பாதி அப்படியே. பீன்ஸும் பாதி. காரட்டும் பாதி. சாய்வாக வெட்டிய துண்டுகளை எண்ணிப் பங்கு போட்டானோ என்னவோ, அவ்வளவு சரிபாதி. நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் அதே உம்மென்ற மூஞ்சி, ஒரு சைகை இல்லை.

தூக்கி எறியலாம் என்று கை பரபரத்தது. மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து அவன் என்ன நினைத்திருப்பான் என்பது கேட்காமலே புரிந்தது. தின்றார். அவனைத் திட்டிக்கொண்டே ஒரு வாய், டாக்டரைத் திட்டிக்கொண்டே ஒரு வாய், சிஸ்டருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு இரண்டு. பாதியில் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனது, காரட் தீரவில்லை. அது இனித்தது என்பதை ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. குழாயடிக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவினார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நிஜமாகவே கழுவினார். எண்ணெய் போகவில்லை, மறுபடி தேய்த்தார்.

சாயங்காலம் மனைவி கேரியரைத் திறந்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் வழக்கமாகக் கொண்டுவரும் பளபளப்பு இல்லை, ஓரத்தில் கொஞ்சம் பிசுக்கு இருந்தது. யார் கழுவியது என்று கேட்டாள். நான்தான் என்றார். யார் சாப்பிட்டது என்று கேட்டாள்.

"ஆளுக்குப் பாதி."

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பாமல் இருக்க அவளுக்கு மூன்று மாதத்துக் காரணம் இருந்தது. காரட் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி போட்டாள். பரீட்சைதான்.

"சாய்வா இருந்துச்சு" என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிப்பா இருந்துச்சு. பீன்ஸ்ல உப்பு பத்தல" என்றார்.

"பத்தாதுதான். அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மறுபடி பட்டை சுற்ற இன்னும் மூன்று மாதம் இருந்தது. கூண்டு திரும்பக் கிடைக்குமா என்பது அதற்கப்புறம்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அவர் கேரியரைத் தூக்கியபோது கை சற்றுத் தாழ்ந்தது. எண்ணிப் பார்த்தார். மூன்று அடுக்கு இருந்த இடத்தில் ஐந்து இருந்தது.